நிர்வாக நலன் கருதி

ஒன்றாகவே வளர்ந்த ஏழு சிறுவர்களை ஒரே சாரணர் அணியில் தொடர விடுவதா, நான்கு அணிகளுக்குப் பிரித்துப் போடுவதா என்பதெல்லாம் உரிமையியல் நீதிமன்றம் தீர்க்க வேண்டிய விவகாரமா என்று எதிர்த்தரப்பு வக்கீல் முதல் வாய்தாவிலேயே கேட்டார். நியாயமான கேள்விதான். பாகப்பிரிவினையும் வரப்புத் தகராறும் வாடகைப் பாக்கியுமாக நிறைந்திருந்த மாவட்ட முன்சீப் நீதிமன்றத்தில், 2011ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நான் தாக்கல் செய்த அந்தப் பிராதுக்கு மதிப்பீடு என்று சொல்ல ஒரு சென்ட் நிலமோ ஒரு ரூபாய்க் கடனோ கிடையாது. ஆனாலும் ஒரு விதி யாரைக் காக்க எழுதப்பட்டது, கடைசியில் யார் தலையில் போய் விழுந்தது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டிய வழக்கு என் தொழிலில் வேறில்லை.

எழுவரும் நாகப்பட்டினம் மாவட்டக் கடற்கரையில் ஒரே குப்பத்துப் பிள்ளைகள். 2004 டிசம்பர் 26 காலையில் ஆழிப்பேரலை அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது இவர்களுக்கு ஆறு வயதுகூட நிறைந்திருக்கவில்லை. தார் ஷீட் போட்ட தற்காலிகக் கொட்டகைகளில், பகலில் உள்ளே உட்கார முடியாத வெக்கையில், பெரியவர்கள் நிவாரணப் பட்டியலின் பின்னால் அலைந்துகொண்டிருக்க, இவர்களை இவர்களேதான் பார்த்துக்கொண்டார்கள். கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடிருந்தவர்கள் விரும்பினால் உள்ளே தள்ளிப் புது வீடு பெறலாம் என்று 2005 மார்ச்சில் 172ஆம் எண் அரசாணை வந்தது. போவதானால் ஊர் மொத்தமாகப் போகிறோம், எங்களை ஆளுக்கொரு திக்காகச் சிதறடிக்காதீர்கள் என்று மீனவர் பஞ்சாயத்துகள் பல இடங்களில் உறுதியாக நின்றன. இந்தக் குப்பமும் அப்படி நின்று, ஒரே குடியிருப்பாக வீடு வாங்கியது. சேர்ந்திருப்பதற்குப் பெரியவர்கள் கேட்டபோது அரசாங்கமே காது கொடுத்தது என்பதை நான் பிராதின் மூன்றாம் பத்தியில் எழுதினேன். அதே ஊர்ப் பிள்ளைகள் கேட்டபோது ஒரு பள்ளிக்கூடம் ஏன் காது கொடுக்கவில்லை என்பதுதான் வழக்கு.

சாரணர் இயக்கத்தின் அமைப்பை ஓரளவு சொன்னால்தான் மற்றது விளங்கும். பள்ளிக்கு ஒரு படை, படைக்குள் சில அணிகள், அணிக்கு ஆறு முதல் எட்டுப் பேர், அவர்களில் ஒருவன் தலைவன், ஒருவன் துணைத்தலைவன். சமைப்பதும் கூடாரம் அடிப்பதும் நடைப்பயணம் போவதும் அணி அணியாகத்தான். பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் 1907இல் நடத்திய முதல் முகாமிலேயே பையன்களை இப்படித்தான் பிரித்தார். பையன்கள் தாமாகவே கும்பல் சேரும் இயல்புள்ளவர்கள், அந்த இயல்பைக் கலைக்காமல் நல்லதற்குத் திருப்ப வேண்டும் என்பது அவர் எண்ணம். ரோலண்ட் பிலிப்ஸ் என்ற இளைஞர் 1914இல் அணிமுறையைப் பற்றித் தனியே ஒரு நூல் எழுதினார். இரண்டு ஆண்டுகளில் சோம் போர்க்களத்தில் உயிரிழந்தாலும், அவர் எழுதிவைத்த முறை உலகெங்கும் சாரணப் பயிற்சிக்கு அடிப்படையாக நின்றுவிட்டது. அணித்தலைவர்கள் கூடிப் படையின் காரியங்களை முடிவு செய்யும் அவை ஒன்றும் உண்டு. ‘கோர்ட் ஆஃப் ஆனர்’ என்று அதற்குப் பெயர். சாரண ஆசிரியர் அதில் ஆலோசகராக அமர்வார். பேச்சும் முடிவும் பிள்ளைகளுடையது. எங்கள் வழக்கின் உயிர் அந்த அவையில் இருந்தது.

இந்த ஏழு பேரை ஓர் அணியாக்கியது அப்பள்ளியின் சாரண ஆசிரியர். ஆறாம் வகுப்பில் சேர்ந்த பையன்களிடம் யார் யாரோடு இருக்க விருப்பம் என்று எழுதித் தரச் சொல்லி, அதன்படி அணி பிரித்தார். எழுவரும் ஒருவர் பெயரை ஒருவர் எழுதியிருந்தார்கள். அவர்கள் கழுகு அணி ஆனார்கள். முடிச்சிலும் சமையலிலும் கொடிக்கம்பம் நிறுத்துவதிலும் அவர்களை யாராலும் வெல்ல முடியவில்லை. வலையும் கயிறுமாக வளர்ந்த பிள்ளைகளுக்கு முடிச்சைப் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. மற்ற அணிகளில் இதனால் மனத்தாங்கல் இருந்தது உண்மை. எப்போதும் அவர்களுக்குள்ளேயே பேசிக்கொள்கிறார்கள், வேறு ஒருவனை அண்ட விடுவதில்லை என்று சில பெற்றோர் தலைமையாசிரியரிடம் புகார் சொன்னதும் உண்மை. எதிருரையில் இதெல்லாம் வந்தபோது நான் மறுக்கவில்லை. மறுக்க முடியாததை மறுத்தால், மறுக்க வேண்டியதை மறுக்கும்போது நீதிபதி நம்பமாட்டார்.

2010 அரையாண்டு விடுமுறையில் வேறோர் ஊரில், கடற்கரைக்கு அருகே, முகாம் நடந்தது. விளக்கணைத்த பிறகு கூடாரத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்பது முகாம் விதி. ஒரு நள்ளிரவில் கழுகு அணியின் கூடாரம் காலியாக இருந்தது. தேடிப் போனபோது ஏழு பேரும் சவுக்குத் தோப்புக்கு அப்பால் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் எழுந்து போனது யார் என்று கேட்டார்கள். “எல்லாருந்தான் சார் போனோம்” என்றான் அணித்தலைவன். தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டும் ஏழு வாயிலிருந்தும் அந்த ஒரே பதில்தான் வந்தது. பொறுப்பில் இருந்த ஆசிரியர்களுக்கு அது கட்டுப்பாட்டு மீறலாகத் தெரிந்ததைவிடக் கூட்டுச் சதியாகத் தெரிந்தது. பள்ளி திறந்த முதல் வாரத்தில் உத்தரவு வந்தது: நிர்வாக நலன் கருதி, கழுகு அணியைச் சேர்ந்த கீழ்க்கண்ட மாணவர்கள் கீழ்க்கண்டவாறு மாற்றி அமைக்கப்படுகிறார்கள். அதற்குமேல் ஒரு வரி கிடையாது.

அந்த மூன்று சொற்களைத் தமிழ்நாட்டில் எந்த ஆசிரியருக்கும் விளக்க வேண்டியதில்லை. காரணம் சொல்ல விருப்பமில்லாத இடமாறுதல் உத்தரவுகள் அப்படித்தான் தொடங்குகின்றன. அந்தச் சொற்களின்கீழ் ஊரைவிட்டுப் பெயர்க்கப்பட்டு, என்ன குற்றம் செய்தேன் என்று தெரியாமலேயே பெட்டி கட்டிய ஆசிரியர்கள் என் அலுவலகத்துக்கு வந்திருக்கிறார்கள். அதே சொற்கள் பன்னிரண்டு வயதுப் பையன்கள் மேல் எழுதப்பட்டதைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. பிரித்த விதமும் கவனிக்க வேண்டியது. வருகைப் பதிவேட்டு வரிசையில் இரண்டு இரண்டு பேராக மூன்று அணிகளுக்குப் போட்டார்கள். மீந்த ஒருவன் மட்டும் தனியாக நான்காவது அணிக்குப் போனான். யாரும் அவனைக் குறிவைக்கவில்லை. பதிவேட்டில் அவன் பெயர் எழுவரில் கடைசி, அவ்வளவுதான்.

என்னிடம் வந்தவர் அணித்தலைவனின் அம்மா. மீன் விற்றுவிட்டுக் கூடையை வாசல் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே வந்தார். “பரிசும் வேணாம், சர்ட்டிபிகேட்டும் வேணாம் ஐயா. புள்ளைங்கள பிரிக்காம இருந்தாப் போதும். அதுங்க ஒண்ணா இருந்துதான் பொழச்சுதுங்க.” கேட்டவுடன் வழக்குப் போட்டுவிடுபவன் அல்ல நான். பள்ளிக்கும் சாரணர் மாவட்ட அமைப்புக்கும் கடிதம் எழுதி, பதிலுக்குக் காத்திருந்து, பதில் வராத பிறகுதான் பிராது தயாரானது. இதை நான் இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு: வேறு பரிகாரம் கையில் இருக்கும்போது நேரே நீதிமன்றம் வந்தால், உறுத்துக்கட்டளை மறுக்கப்படலாம் என்கிறது 1963ஆம் ஆண்டுக் குறித்தவகைப் பரிகாரச் சட்டம். எதிர்த்தரப்பு முதலில் அந்தக் கதவைத்தான் மூடப் பார்க்கும் என்று தெரிந்தே கடிதங்களின் ஒப்புகை அட்டைகளைப் பத்திரப்படுத்தியிருந்தேன்.

சிறுவன் தன் பெயரில் தானே வழக்காட முடியாது; பெரியவர் ஒருவர் அவன் சார்பில் நிற்க வேண்டும். அவர் பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. மனநலம் உள்ளவராக, வயது வந்தவராக, சிறுவனின் நலனுக்கு எதிரான நலன் இல்லாதவராக இருந்தால் போதும். எழுவரில் ஆறு பேருக்குத் தாயோ தந்தையோ கையெழுத்திட்டார்கள். ஏழாமவனுக்கு அவன் அப்பாயி விரல்ரேகை வைத்தார். தாய் 2004இல் போய்விட்டார், தந்தை கேரளத்து விசைப்படகில் கூலிக்குப் போயிருந்தார். தனியாக நான்காவது அணிக்குப் போடப்பட்டவன் அவன்தான். சட்டத்தில் இப்படி மனிதர் நிலை அறிந்து எழுதப்பட்ட விதிகளும் இருக்கின்றன என்பதை இளம் வக்கீல்களுக்கு நான் அடிக்கடி சொல்வதுண்டு.

அடுத்த தடை பெரியது. நடக்கப்போவதைத் தடுக்கும் கட்டளையை நீதிமன்றம் ஒப்பீட்டளவில் எளிதாகத் தரும். நடந்து முடிந்ததைத் திருப்பிப் போடச் சொல்லும் கட்டளையை வழக்கு முடியும் முன்னரே தருவது அபூர்வம். நாங்கள் மனு போட்ட நாளில் உத்தரவு அமலாகிவிட்டிருந்தது. ஆகவே மேலோட்டமாகப் பார்த்தாலே எங்கள் பக்கம் வழக்கு இருக்கிறது, தாமதித்தால் ஈடு செய்ய முடியாத இழப்பு வரும், கட்டளை தருவதால் எதிர்த்தரப்புக்கு வரும் சிரமம் எங்கள் சிரமத்தைவிடக் குறைவு என்ற மூன்றையும் வழக்கமான அளவைவிடக் கூடுதலாக நிறுவ வேண்டியிருந்தது. இழப்பு என்ன என்று நீதிபதி கேட்டார். அவர் ஒரு பெண்மணி. குரலை உயர்த்தாமல், பதிலை முழுதாகக் கேட்பவர். ஆளுநர் விருதான ராஜ்ய புரஸ்காருக்குப் போவதற்கு முன்னால் பல படிகள் உண்டு, அவற்றில் அணியாகச் செய்ய வேண்டியவை உண்டு, இரண்டு ஆண்டுகள் அவர்கள் அதற்கு உழைத்திருக்கிறார்கள் என்றேன். பிறகு, நில வழக்கு பத்தாண்டு கழிந்து ஜெயித்தாலும் நிலம் அங்கேயே இருக்கும். பன்னிரண்டு வயதுக்கு அப்படி இல்லை என்றேன். அதை அவர் குறித்துக்கொண்டார்.

எதிர்த்தரப்பு வக்கீல் என்னைவிட மூத்தவர், நேர்மையானவர். தன் கட்சிக்காரருக்குச் சாதகமான தீர்ப்பில் நமக்குச் சாதகமான பத்தி இருந்தால் அதையும் சேர்த்தே படித்துக் காட்டும் பழைய பள்ளி. 1962இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த டி.பி. தேவர் வழக்கை எடுத்துக்காட்டினார். பெல்காமில் ஒரு ஃப்ரீமேசன் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டவர் தொடுத்த வழக்கு அது. சங்கத்தில் சேர்ந்தவர் சங்க விதிக்குக் கட்டுப்பட்டவர், அதன் உள்விவகாரத்தில் நீதிமன்றம் மேல்முறையீட்டு மன்றமாக உட்காராது என்பது அதன் சாரம். ஒரு பள்ளிச் சாரணர் படையில் எந்தப் பையன் எந்த அணியில் என்பதைவிட உள்விவகாரம் வேறென்ன இருக்கிறது என்று கேட்டார். நான் அதே தீர்ப்பின் மறுபாதியைக் கேட்டேன்: உள்விவகாரம்தான், ஆனால் அமைப்பு தன் விதியையும் இயற்கை நீதியையும் பின்பற்றியதா என்று மட்டும் பார்க்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அணித்தலைவர்கள் அவை கூட்டப்பட்டதா? இல்லை. பையன்களிடம் விளக்கம் கேட்கப்பட்டதா? முகாமில் யார் முதலில் போனது என்று விசாரித்தார்கள். உங்களைப் பிரிக்கப்போகிறோம், என்ன சொல்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அது தண்டனையே அல்ல, நிர்வாக ஏற்பாடு. தண்டனை இல்லாத இடத்தில் விளக்கம் கேட்கும் கடமை இல்லை என்று பதில் வந்தது. இந்த இடத்தில்தான் அனூப் ஜெய்ஸ்வால் வழக்கு கைகொடுத்தது. ஐதராபாத் தேசிய காவல் அகாடமியில் 1981இல் பயிற்சியில் இருந்த ஐ.பி.எஸ். அதிகாரி அவர். ஒருநாள் உடற்பயிற்சிக்கு, பயிற்சி பெற்றுவந்தவர்கள் பலர் தாமதமாக வந்தார்கள். அதற்குத் தூண்டுகோலாக இருந்தவர்களில் ஒருவர் என்று கருதி அவரை மட்டும் பணியிலிருந்து விடுவித்தார்கள். விடுவிப்பு உத்தரவில் குற்றம் எதுவும் எழுதப்படவில்லை. 1984இல் உச்ச நீதிமன்றம் உத்தரவின் வடிவத்தை விலக்கிப் பின்னால் இருந்ததைப் பார்த்தது. விசாரணை இல்லாமல் தரப்பட்ட தண்டனை என்று கண்டு உத்தரவை ரத்து செய்தது. எங்கள் உத்தரவிலும் ‘நிர்வாக நலன்’ என்ற திரையை விலக்கினால் சவுக்குத் தோப்பு தெரிகிறது என்றேன். எதிருரையிலேயே முகாம் சம்பவத்தை இரண்டு பக்கத்துக்கு விவரித்திருந்தார்கள். காரணம் அதுவல்ல என்றால் அதை ஏன் எழுத வேண்டும்?

இன்னொரு தீர்ப்பையும் வைத்தேன். அதில் எனக்கு நம்பிக்கை குறைவு, ஆசை அதிகம். இந்தி சாகித்திய சம்மேளனத்தின் உறுப்பினர் அமைப்பை ஒரு சட்டம் மாற்றியபோது, தமயந்தி நாரங்கா வழக்கில் 1971இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. சங்கம் அமைக்கும் உரிமை என்பது, தாம் விரும்பிச் சேர்த்துக்கொண்டவர்களோடு தொடர்ந்து சேர்ந்திருக்கும் உரிமையையும் உள்ளடக்கியது என்பது அதன் நெறி. பையன்கள் பெயர் எழுதிக் கொடுத்து உருவான அணிக்கு அந்த நெறியின் நிழலாவது கிடைக்காதா என்று கேட்டேன். நீதிபதி ஒத்துக்கொள்ளவில்லை. அந்த உரிமை அரசின் சட்டத்துக்கு எதிரே குடிமகன் வைத்திருப்பது. அணி என்பது தனிச் சங்கம் அல்ல, பெரிய அமைப்பின் சிறு உறுப்பு. உறுப்புக்குத் தனி ஆயுள் உரிமை தந்தால் எந்தப் பள்ளியும் வகுப்புப் பிரிக்க முடியாது என்றார். அவர் சொன்னது சட்டப்படி சரி. சேர்ந்தே இருக்கும் உரிமை என்று ஒன்று அந்தப் பிள்ளைகளுக்கு இல்லை. கேட்காமல் பிரிக்கப்படாதிருக்கும் உரிமை மட்டும்தான் உண்டு என்ற இடத்தில் வழக்கு வந்து நின்றது.

எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம் சட்டப் புத்தகத்திலிருந்து வரவில்லை. சாரணர் சட்டப்படி ஒவ்வொரு சாரணனும் மற்ற எல்லாச் சாரணர்க்கும் சகோதரன். அப்படியிருக்க எந்த அணியில் போட்டால் என்ன நட்டம் என்றார் மூத்தவர். பிரவுன்சீ தீவில் பேடன் பவல் செய்ததே கலப்புதான், வசதியான வீட்டுப் பள்ளிப் பிள்ளைகளையும் பூல், போர்ன்மத் ஊர்களின் எளிய குடும்பத்துப் பிள்ளைகளையும் ஒரே அணிக்குள் போட்டார் என்றார். 1909இல் பெங்களூரில் சாரணர் இயக்கம் தொடங்கியபோது அது வெள்ளையர் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ-இந்தியப் பிள்ளைகளுக்கும் மட்டுமானதாக இருந்தது, 1916இல் அன்னி பெசன்ட் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கென்று தனி அமைப்பைத் தொடங்கித்தான் அந்தக் கதவை உடைக்க வேண்டியிருந்தது, எல்லாம் ஒன்றாகிப் பாரத சாரண சாரணியர் இயக்கம் பிறந்தது 1950 நவம்பர் 7இல். மூடிய குழுக்களால் இந்த இயக்கம் பட்ட பாடு போதாதா என்றும் கேட்டார். நீதிமன்றம் அமைதியாகக் கேட்டது. நானும் மனத்துக்குள் ஒப்புக்கொண்டே கேட்டேன். நெருக்கமான குழு மூடிய குழுவாக மாறுவதற்கு நெடுநாள் ஆகாது. மற்ற அணிப் பிள்ளைகளுக்கும் திறமையான தோழர்கள் கிடைக்க வேண்டும் என்பதில் தவறு என்ன?

நான் சொன்ன பதில் இதுதான். பிரவுன்சீயில் கலந்தது எல்லாரையும். இங்கே கலைத்தது ஓர் அணியை. மற்ற அணிகளில் ஒரு பையன்கூட இடம் மாறவில்லை. கலப்பது கொள்கை என்றால் கொள்கை எல்லார் மேலும் விழட்டும், முன்கூட்டிச் சொல்லப்படட்டும். ஏழு பேர் மேல் மட்டும், ஒரு சம்பவத்துக்குப் பின் விழுவது கொள்கை ஆகாது.

இனி, நான் வாதத்தில் வைக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த இரவு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். முகாம் நடந்த இரவுகளில் ஒன்று டிசம்பர் 25 முடிந்து 26 பிறக்கும் இரவு. ஏற்பாடு செய்தவர்கள் அந்தத் தேதியைக் கவனித்திருக்கவில்லை. தாயை இழந்த பையன் அலைச் சத்தத்தில் படுக்க முடியாமல் எழுந்து கடல் பக்கம் போய்விட்டான். பக்கத்தில் படுத்திருந்தவன் பார்த்து மற்றவர்களை எழுப்ப, ஆறு பேரும் பின்னாலேயே ஓடினார்கள். அவன் அழுது முடிக்கும்வரை கூட உட்கார்ந்திருந்தார்கள். ஆசிரியர்கள் கேட்டபோது அவன் பெயரைச் சொல்லியிருந்தால் யாருக்கும் ஒரு தீங்கும் வந்திருக்காது, பரிவுதான் கிடைத்திருக்கும். அந்தப் பரிவுதான் அவனுக்கு வேண்டாததாக இருந்தது. ஊரெல்லாம் ஆறு வருஷமாக அவனைப் பார்த்து உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தது. சாரணர் உடுப்பில் மட்டும்தான் அவன் மற்றவர்களைப் போல ஒருவனாக இருந்தான்.

அணித்தலைவன் என்னிடம் இதைச் சொன்னபோது கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தான்: “கோர்ட்ல சொல்லாதீங்க சார். கேஸ் தோத்தாலும் பரவால்ல.” கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னதை அவர் சம்மதமில்லாமல் வெளியிடக்கூடாது என்று சாட்சியச் சட்டம் அன்றும் சொன்னது, அதன் இடத்தில் வந்திருக்கும் புதிய சட்டம் இன்றும் சொல்கிறது. சிறுவன் என்பதால் அந்தக் காப்பு குறைந்துவிடாது. அவன் அம்மாவிடமும் அந்த அப்பாயியிடமும் கேட்டேன். பிள்ளை சொன்னதே என்றார்கள். ஆகவே வழக்கின் மிகச் சிறந்த உண்மை கட்டுக்குள் வராமலேயே வழக்கு நடந்தது. இப்போது எழுதுவது, வளர்ந்து பெரியவனாகிவிட்ட, அன்று அழுத அந்தப் பையனிடமே கேட்டு, ஊரும் பெயரும் பள்ளியும் இல்லாமல் எழுதலாம் என்று அவன் ஒப்புக்கொண்ட பிறகு.

வாதம் முடிந்ததும் நீதிபதி உத்தரவைத் தள்ளிவைக்கவில்லை. எழுவரையும் தன் அறைக்கு அழைத்துப் பேசினார். அங்கேயும் அவர்கள் சொன்னது “எல்லாருந்தான் மேடம் போனோம்” என்பது மட்டும். வெளியே வந்து இரு தரப்பு வக்கீல்களையும் பார்த்துச் சொன்னார்: “இந்த இயக்கத்திலேயே பிள்ளைகளுக்கென்று ஒரு மன்றம் இருக்கிறதே. அதைக் கூட்டாமல் என் மன்றத்துக்கு வந்திருக்கிறீர்கள். முதலில் அங்கே போய் வாருங்கள்.” வழக்கை நடுவழியில் சமரசத்துக்கு அனுப்பும் அதிகாரம் நடைமுறைச் சட்டத்தின் 89ஆம் பிரிவில் உண்டு. அதைப் பதின்மூன்று வயது நடுவர்களிடம் அனுப்பிய நீதிபதியை நான் அப்போதுதான் முதலில் பார்த்தேன்.

அவை பள்ளியின் ஓர் அறையில் கூடியது. அணித்தலைவர்கள் அனைவரும், சாரண ஆசிரியர். இரு தரப்பு வக்கீல்களும் வராந்தாவில். கழுகு அணித்தலைவன் தன் பக்கத்தைச் சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே எழுந்து வெளியே வந்துவிட்டான்; தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்கக்கூடாது என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மற்ற தலைவர்கள் நெடுநேரம் பேசினார்கள். அவர்களுக்குள் கழுகு அணியால் எரிச்சல் பட்டவனும் இருந்தான். முடிவை அவர்களே ஒரு தாளில் எழுதினார்கள். சொல்லாமல் முகாமை விட்டுப் போனது தப்பு. அதற்கு அடுத்த முகாமில் சமையல் பாத்திரம் முழுக்க அந்த ஏழு பேர் கழுவ வேண்டும். கழுகு அணி விருதுத் தேர்வு முடியும்வரை சேர்ந்தே இருக்கட்டும். ஆனால் எட்டாவதாக வேறு தெருப் பையன் ஒருவனைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஜூனில் பள்ளி திறந்ததும் எழுவரில் இரண்டு பேர், யார் என்று அவர்களே தீர்மானித்து, மற்ற அணிகளுக்குத் துணைத்தலைவர்களாகப் போக வேண்டும். இனி அணி மாற்றுவதானால் இந்த அவையில் வைத்துத்தான் மாற்ற வேண்டும். இரு தரப்பு மூத்த வக்கீல்கள் வாரக்கணக்கில் எடுத்துவைத்ததில் நியாயமானது எதுவோ அதெல்லாம் அந்த ஒரு தாளில் இருந்தது.

சிறுவர்கள் தரப்பாக உள்ள வழக்கில் பெரியவர்கள் பேசி முடித்தால் மட்டும் போதாது. அந்தச் சமரசம் சிறுவர்களின் நலனுக்கு உகந்ததுதானா என்று பார்த்து நீதிமன்றம் அனுமதி தர வேண்டும். நீதிபதி ராஜி மனுவைப் படித்துவிட்டு அனுமதி தந்தார். வெற்றி, தோல்வி என்று எழுத இடமில்லாத தீர்ப்பாணை.

ஆனால் உத்தரவுக்கும் சமரசத்துக்கும் நடுவே மாதங்கள் ஓடியிருந்தன. நீதிமன்றக் கணக்கில் அது வேகம். நான்காவது அணியில் தனியாக விடப்பட்ட பையன் சில வாரம் போனான். புது அணிப் பையன்கள் கெட்டவர்கள் இல்லை, அவனோடு நன்றாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆனாலும் உடுப்பை மடித்து வைத்துவிட்டான். கழுகு அணி மறுபடி கூடியபோது ஆறு பேர்தான் வந்தார்கள். போய்க் கூப்பிட்டார்கள், சாரண ஆசிரியரும் போனார். வரவில்லை. கோடை விடுமுறையில் தந்தையோடு கேரளத்துக்குப் போய்விட்டான், படிப்பை அங்கே தொடர்ந்தான். ஜூனில் வேறு அணிக்குப் போக முன்வந்த இரண்டு பேரில் ஒருவன் அணித்தலைவன். ஏன் நீ என்று கேட்டேன். “அவன் இருந்த அணிக்குப் போறேன் சார்” என்றான்.

பள்ளிகளில் மாணவர்கள் சாதிவாரியாகக் கூட்டம் சேர்வதைப் பற்றி ஆராய்ந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தன் அறிக்கையைத் தந்தபோது, வகுப்பில் மாணவர்களை அகரவரிசைப்படி உட்கார வைக்கலாம் என்றும் பரிந்துரைத்தது. நாங்குநேரியில் ஒரு மாணவன் சாதியின் பெயரால் சக மாணவர்களால் வெட்டப்பட்டதைப் படித்தவர்கள் அந்தப் பரிந்துரையின் தேவையைக் கேள்வி கேட்கமாட்டார்கள். நானும் அதை வரவேற்கிறேன். எல்லார் மேலும் ஒரேபோல, குற்றம் சாட்டாமல் விழும் விதி அது. எங்கள் வழக்கில் நான் கேட்டதும் அதைத்தான். ஆனால் பதிவேட்டு வரிசை ஒரு பிள்ளையை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் நான் கண்டிருக்கிறேன். ஆகவே தலைமையாசிரியர்களுக்கும் சாரண ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு குழுவைப் பிரிப்பதானால் காரணத்தை உத்தரவில் எழுதுங்கள். எழுதுமுன் அந்தப் பிள்ளைகளை உட்காரவைத்துக் கேளுங்கள். அவர்கள் வாய் திறக்காவிட்டால் அதைச் சதி என்று எடுத்துக்கொள்ளாமல் ஒரு வாரம் பொறுங்கள். யாரும் தனியாக விடப்படவில்லை என்பதைப் பட்டியலில் கையெழுத்திடுமுன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.